இறப்பர் ஏன் அறுகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பல்சா என்னும் இலேசான மரக் குச்சியில் செய்த இறப்பர் விமானங்களை, அதாவது முறுக்கிய இறப்பர் பட்டி அவிழும்போது விசிறி சுழன்று பறக்கும் சிறு விமானங்களை, மண்டபத்துக்குள் பறக்கவிடுகிறார்கள். போன வாரம், பறக்கவிடக் கையை உயர்த்திய நேரத்தில் ஒரு மாணவனின் இறப்பர் அறுந்து, இறக்கையும் வாலும் சிதறிப்போயின. அளவு மீறி முறுக்கினதற்காக அவனை ஏசிவிட்டேன். இப்போது எல்லோரையும் பாதிச் சுற்றோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசுகிறோம்; அப்படியும் அறுகிறது. விமானத்தைக் காப்பாற்ற ஏதாவது உறை போடலாமா? இங்குள்ள குளிரும் ஒரு காரணமா?

– ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உறை போடலாம். ஆனால் அதற்கு முன், இறப்பரை விமானத்தில் மாட்டி வைத்துக்கொண்டு முறுக்குவதை நிறுத்துங்கள். மேசையில் இறுக்கிய கொக்கியொன்றில் தனியாக முறுக்குங்கள். புத்தக முன்னட்டைக்குப் போடும் தடித்த பிளாஸ்டிக் தாளை 2 சென்ரிமீற்றர் விட்டத்தில் சுருட்டுங்கள். ஓரங்கள் 1 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும், ஒன்றோடொன்று ஒட்ட வேண்டாம். நீளம், கொக்கிக்குக் கொக்கி உள்ள தூரத்தைவிட 2 சென்ரிமீற்றர் குறைவு. முறுக்கிய இறப்பரை அதற்குள் வைத்தபடியே பின் கொக்கியிலும் பிறகு முன் கொக்கியிலும் மாட்டி, பறக்கவிடும் கணத்தில் இன்னொருவர் தாளைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். தாளின் ஓரம் கத்தி. ஒவ்வோர் ஓரத்தின் மேலும் செலோடேப் மடித்து ஒட்டாவிட்டால் காக்க வந்த உறையே இறப்பரை வெட்டும்.

உறை விமானத்தைக் காக்கும், இறப்பரைக் காக்காது. தேங்காய் எண்ணெய் என்று வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் இதைச் செய்யலாமா? அது இயற்கை இறப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்துப் பலவீனமாக்கும். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட மோசம். இறப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மேலே உள்ள மாவைப் போக்கி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு சிலிக்கோன் எண்ணெயோ விளக்கெண்ணெயோ சில துளிகள், விரலால் தடவினால் போதும். வெயில் படாமல் இருட்டில் வையுங்கள்.

அந்தப் பையனைக் கூப்பிட்டுத் தவறு அவனுடையதல்ல என்று சொல்லுங்கள். எத்தனை சுற்றில் அறும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, வேண்டுமென்றே அறுப்பது.

ஒரே பொதியிலிருந்து ஒரே நீளத்தில் மூன்று வளையங்கள் எடுங்கள். ஒவ்வொன்றையும் அதன் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு இழுத்து, எதிர்பார்க்கும் சுற்றில் பாதியை நின்ற இடத்திலேயே ஏற்றுங்கள். மீதியை மெல்ல முன்னால் நடந்து வந்துகொண்டே ஏற்றி, அறும்வரை எண்ணுங்கள். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 900, 960, 920இல் அறுந்தால் 900தான் கணக்கு. அதில் 85 வீதம் 765. கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் இறப்பரை 15 சுற்று திருப்பும் முறுக்கியில் கைப்பிடியை 51 தடவை சுற்ற வேண்டும். கை பழகியபின் 90 வீதம் போகலாம். பொதி மாறினால் மறுபடி அறுக்க வேண்டும். பட்டியின் அகலம் இரட்டித்தால், அதே நீளத்துக்குச் சுற்று ஏறத்தாழ 70 வீதமாகக் குறையும்.

அறுந்த துண்டை எறியாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுங்கள். முடிச்சருகில் அறுந்தால் முடிச்சில் பிழை. முடிச்சை நனைத்து இறுக்குங்கள். கொக்கியருகில் என்றால் கம்பியில் பிசிறு. மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, சைக்கிள் வால்வ் இறப்பர்த் துண்டொன்றை மேலே செருகுங்கள். நடுவில் அறுந்து காயம் எதுவும் இல்லை என்றால்தான் உண்மையான எல்லை. நகம் பட்ட சிறு கீறல் முழு முறுக்கில் சில விநாடிகள் தாங்கும், அதற்குள் வளர்ந்துகொண்டே போகும். உங்கள் மாணவன் கையை உயர்த்திய நேரத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஆகவே முழு முறுக்கோடு கையில் வைத்து வேடிக்கை காட்டக் கூடாது.

பாதிச் சுற்று உத்தரவை இன்றே எடுத்துவிடுங்கள். கடைசிச் சுற்றுகளில்தான் முறுக்குவிசை செங்குத்தாக ஏறும்; பாதிச் சுற்றில் பாதிச் சக்தி கூடக் கிடைக்காது, விமானம் மேலே ஏறாது. மண்டபத்துக்குள் பறக்கும் இறப்பர் விமானங்களுக்கான எஃப்1டி என்னும் சர்வதேசப் போட்டிப் பிரிவில் விமானம் குறைந்தது 1.4 கிராம், இறப்பர் அதிகபட்சம் 0.4 கிராம், அவ்வளவை வைத்துக்கொண்டு 20 நிமிடத்துக்கு மேல் பறக்கவிடுகிறார்கள். அறும் எல்லையைத் தெரிந்துகொண்டு அதன் அருகே போகிறவர்களால்தான் அது முடிகிறது.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்ந்த இறப்பர் விறைத்திருக்கும். முறுக்குவதற்குக் கால்மணி முன்னால் சட்டைப் பையில் வைத்திருந்தால் போதும்.