திருத்திப் பாவிக்க அரச விதிகள் ஏன் விடுவதில்லை?

"கிழிந்த உரப்பையைக்கூடத் தைத்துப் பாவிக்கிற வன்னியில், அரச அலுவலகங்களில் மட்டும் வட்டப் பொருளாதாரம், அதாவது எறியாமல் திருத்தித் திரும்பத் திரும்பப் பாவிக்கும் முறை, ஏன் நுழையவில்லை? சட்டமா தடை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி ஆம். கிளிநொச்சிப் பக்கம் ஓர் அலுவலகத்தின் பின்வளவில் கால் கழன்ற இரும்புக் கதிரைகள் குவிந்து கிடந்தன, நடுவே ஆமணக்கு முளைத்து. வெல்டிங் கடை தெருவுக்கு எதிர்ப்பக்கம்தான். ஆனால் அது அரச சொத்து. அரச பணத்தையும் சொத்தையும் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களின்படி வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் 'பாவனைக்குதவாதது' என்று எழுதி, அனுமதி வந்து, பிறகுதான் ஏலம். அந்தக் காசும் பொதுவாக அரச வருமானக் கணக்குக்குப் போய்விடும். அப்போது யார் மினக்கெடுவார்? புதுக் கதிரை வாங்கினால் கணக்காய்வில் கேள்வி வராது. பழையதைத் திருத்தினால் வரும். என் பார்வையில் இந்தப் பயம்தான் பெரிய தடை.

கொள்வனவிலும் இதே கதை. நிபந்தனைக்குப் பொருந்திய கேள்விமனுக்களில் பொதுவாக விலை குறைந்ததே வெல்லும். பத்து வருடம் உழைக்குமா என்பது அதில் பெரிதாக எடுபடாது.

குப்பை விஷயத்தில் சட்டம் அவ்வளவு மோசமில்லை. இலங்கையின் 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சேகரித்த குப்பை சபையின் சொத்து, விற்கலாம். ஆனால் பழைய பற்றரி, கழிவு எண்ணெய் போன்றவற்றுக்கு 2008இல் வர்த்தமானியில் வந்த சுற்றாடல் விதிகளின்படி தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் சைக்கிளில் தராசோடு வரும் பழைய இரும்புக்காரர் அந்தப் படிவத்தை நிரப்பவா போகிறார்? அமிலத்தை வேலியோரம் ஊற்றிவிட்டு ஈயத்தைக் கொண்டுபோவார்.