மூன்று அடுக்கில் இரண்டு லட்சம் பதிவு

கேள்வி: கொலுசுப் பட்டறைகளையும் வெளியூர் வியாபாரிகளையும் இணைக்கும் ஆப் நடத்துகிறோம். பின்னால் ஓடுவது கிராஃப்கியூஎல், அதாவது வேண்டிய தகவலை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரே கோரிக்கையில் கேட்கும் முறை. ஒருவர் நிமிடத்துக்கு 60 கோரிக்கைதான் அனுப்பலாம். ஆழம் 5 அடுக்கைத் தாண்டினால் மறுத்துவிடுவோம். அப்படியும் ஒரே கோரிக்கையில் டேட்டாபேஸ் திணறி நின்றுவிட்டது. எதைக் கவனிக்கத் தவறினோம்?
— வாசகர், செவ்வாய்பேட்டை, சேலம்

பதில்: பெருக்கலை. ஒரு குவெரி (தகவல் கேட்டு எழுதும் வாக்கியம்) எத்தனை படி இறங்குகிறது என்பதை மட்டுமே ஆழ வரம்பு பார்க்கும். ஒவ்வொரு படியிலும் எத்தனை பதிவு விரிகிறது என்பது அதற்குத் தெரியாது. முதல் 50 பட்டறை, ஒவ்வொன்றிலும் 40 டிசைன், ஒவ்வொரு டிசைனுக்கும் 100 ஆர்டர் என்று ஒருவர் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை 50, டிசைன் 2,000, ஆர்டர் 2,00,000. ஆக மொத்தம் 2,02,050 பதிவு. ஆழம் மூன்றே அடுக்கு. நிமிடக் கணக்கில் ஒரே கோரிக்கை. உங்கள் இரண்டு தடுப்புமே அதை விட்டுவிடும். இதையே 20, 10, 10 என்று கேட்டால் 2,220 பதிவோடு முடிந்துவிடும்.

அதற்காக ஆழ வரம்பை எடுத்துவிடாதீர்கள். ஆர்டரிலிருந்து பட்டறை, பட்டறையிலிருந்து மறுபடி ஆர்டர் என்று சுற்றிச் சுற்றி இறங்குவதைத் தடுக்க அது வேண்டும். அதோடு செலவுக் கணக்கும் சேர வேண்டும்: ஒரு ஆப்ஜெக்டுக்கு 1 புள்ளி, பெயர், எடை போன்ற சாதாரண ஃபீல்டுக்கு 0, பட்டியல் வந்தால் கேட்ட எண்ணிக்கையால் பெருக்கு. குவெரி ஓடுவதற்கு முன்பே கூட்டிப் பார்த்து, வரம்பு மீறினால் அங்கேயே மறுக்க வேண்டும். இணையக் கடைகளுக்கான ஷாப்பிஃபை ஒரு குவெரிக்கு 1,000 புள்ளிதான் அனுமதிக்கிறது. புரோகிராம் கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் பட்டியல் கேட்கும் இடத்திலெல்லாம் 1 முதல் 100 வரை ஓர் எண் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு குவெரியில் மொத்தம் 5,00,000 பதிவைத் தாண்டக் கூடாது.

கோளாறு வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடும் இடத்தில்தான். எண்ணிக்கை குவெரிக்குள் இல்லாமல் வேரியபிளாகத் தனியே வந்தால், அதன் மதிப்பு கைக்கு வந்த பிறகு கணக்கிடுங்கள். குவெரியின் எழுத்தை மட்டும் பார்த்தால் 100 என்பது 1 ஆகவோ 0 ஆகவோ போய்விடும். எண்ணே தராத பட்டியலுக்கு 1 என்று போடாதீர்கள், மறுத்துவிடுங்கள். மைனஸ் எண்ணையும் முதலிலேயே தள்ளுங்கள்: அது மொத்தச் செலவைக் குறைத்துக் காட்டும், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸிலோ மைனஸ் லிமிட் என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தம். ஒரே ஃபீல்டை நூறு அலியாஸ் (மாற்றுப்) பெயரில் கேட்டால் நூறு தடவையும் கூட்டுங்கள். ஒரே கோரிக்கைக்குள் பல குவெரிகளை அடுக்கி அனுப்பும் பேட்ச் வசதி தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள்.

டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகளைத் தொகுக்கும் டேட்டாலோடர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 2,000 டிசைனுக்கு 2,000 தனி எஸ்க்யூஎல் போகாமல் அது சேர்த்து அனுப்பும், அவ்வளவுதான். வந்து இறங்கும் வரிசைகள் குறையாது.

வரம்பு எவ்வளவு என்பதை ஊகித்து வைக்காதீர்கள். இரண்டு வாரம் யாரையும் மறுக்காமல் ஒவ்வொரு குவெரியின் புள்ளியையும் லாகில் எழுதுங்கள். உங்கள் ஆப்பே அனுப்பும் மிகக் கனமான குவெரியைப் போல இரண்டு மடங்கு வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். நிமிடத்துக்கு 60 கோரிக்கை என்பதையும் நிமிடத்துக்கு இத்தனை புள்ளி என்று மாற்றுங்கள். கணக்கை ஐபி முகவரியில் கட்டாதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால், ஒருவர் செய்ததற்கு எல்லோரும் மாட்டுவார்கள். பயனர் எண்ணில் கட்டுங்கள். சர்வர் ஒன்றுக்கு மேல் ஓடினால் மிச்சப் புள்ளி, எல்லா சர்வரும் பார்க்கக்கூடிய ரெடிஸ் சேமிப்பு போன்ற பொது இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசிக் காவலாக, உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், ஆப்புக்குப் பதில் தரும் ஏபிஐ பயன்படுத்தும் யூசருக்கு மட்டும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (ஒரு கேள்வி ஓடக்கூடிய நேர வரம்பு) 5 வினாடி வையுங்கள். இரவில் ஓடும் ரிப்போர்ட்டுகள் வேறு யூசரில் இருந்தால் அவற்றை இது தொடாது.

கேள்வி: ஆழ வரம்பு 7 வைத்ததும் எங்கள் டெவலப்பர் டூலில் ஸ்கீமாவே (எதையெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியல்) வருவதில்லை.
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஸ்கீமாவைக் கேட்கும் இன்ட்ராஸ்பெக்ஷன் குவெரி இயல்பிலேயே ஆழமானது, ஒரு டைப்புக்குள் இருக்கும் டைப்பை அது படிப்படியாக இறங்கிக் கேட்கிறது. இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் ஃபீல்டுகளை ஆழக் கணக்கிலிருந்து விலக்குங்கள். ஆனால் அந்த வழியிலும் சுற்றிச் சுற்றி இறங்க முடியும் என்பதால், லாகின் செய்த உங்கள் டெவலப்பர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

கேள்வி: எஸ்டேட்டில் சிக்னல் அரைகுறைதான். கிடைக்கும் நேரத்தில் ஒரு வருடக் காபி, மிளகுப் பதிவு முழுவதையும் ஒரே குவெரியில் இறக்கலாம் என்றால், செலவு அதிகம் என்று சர்வர் மறுக்கிறது. ஆப் திரும்பத் திரும்ப முயன்றும் பயனில்லை.
— வாசகர், ஏற்காடு

பதில்: அதே குவெரிக்கு அதே செலவுதான் வரும், எத்தனை முறை அனுப்பினாலும் மறுப்புதான். 50, 50 பதிவாகக் கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் வந்து சேர்ந்ததும் பதிவுகளையும், அடுத்த பக்கம் எங்கே தொடங்கும் என்று காட்டும் கர்சரையும் ஒரே டிரான்சாக்ஷனில் (சேர்ந்தே பதியும், இல்லையேல் இரண்டுமே பதியாது) போனில் சேமியுங்கள். சிக்னல் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பாதியில் அறுந்த பெரிய பதிலை முதலிலிருந்து இறக்க வேண்டியதில்லை. ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று சர்வர் சொல்லும் 429 பிழை வந்தால் மட்டும் அதே குவெரியை மறுபடி அனுப்பலாம், பதிலோடு வரும் ரிட்ரை ஆஃப்டர் ஹெடர் சொல்லும் வினாடிகள் கழிந்த பிறகு.