பாக்கெட்டில் அடங்கும் பிஸ்டல்: கேள்வி பதில்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியைச் சட்டப்படி மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை உள்ளவர்கள், பாக்கெட்டில் அடங்கும் சிறு பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, டெக்சஸில் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, பாக்கெட்டில் வைப்பதற்கு ரூகர் எல்சிபி வாங்கலாமா, சிக் பி365 வாங்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: இவ்விரண்டும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2008இல் வந்த எல்சிபி, .380 ஏசிபி என்ற சிறு தோட்டாவைச் சுடுவது. தோட்டா இல்லாமல் எடை சுமார் 270 கிராம், மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 6 தோட்டாக்கள். 2018இல் வந்த பி365, அதைவிட வலுவான 9 மி.மீ. தோட்டாக்கள் பத்தைக் கொள்ளும். ஆனால் எடை 500 கிராமைத் தொடும். இடுப்பு உறையில் அந்த எடை ஒரு பொருட்டே அல்ல. மெல்லிய துணியில் தைத்த கால்சட்டையின் பாக்கெட்டில் போட்டாலோ துணியைக் கீழே இழுத்துத் தன் உருவத்தை எல்லோருக்கும் காட்டிவிடும். ஆகவே எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பாக்கெட்டில்தான் என்றால், 2021இல் வந்த எல்சிபி மேக்ஸைப் பார்க்கச் சொல்வேன். 300 கிராம் எடையில் 10 தோட்டாக்கள் அடங்குவதோடு, குறிபார்க்க, கண்ணுக்குத் தெரியும்படியான சைட்டுகளும் அதில் உண்டு. பழைய எல்சிபியில் சைட் என்ற பெயரில் ஸ்லைடின் (சுடும்போது பின்னோடித் திரும்பும் மேற்பகுதியின்) மேல் சிறு மேடுதான் இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸன் 2024இல் கொண்டுவந்த பாடிகார்ட் 2.0 இதற்கு நேர்ப்போட்டி. 2014இல் வந்த கிளாக் 42, 6 தோட்டாக்களே கொள்ளும், சற்றுப் பருமனும் கூட. இருந்தாலும் சுடும்போது கையை வருத்தாமல் இருப்பதில் .380 பிஸ்டல்களில் அதையே நான் முன்னால் வைப்பேன். உங்கள் பாக்கெட் இடம் கொடுத்தால் அதை எடுங்கள்.

கேள்வி: பெரிய பிஸ்டல்கள் ஆயிரக்கணக்கில் சுட்டாலும் சிக்குவதில்லை, சிறியவை மட்டும் ஏன் அடிக்கடி சிக்குகின்றன?

பதில்: அளவு குறையக் குறைய, பிழை பொறுக்கும் இடைவெளியும் குறைகிறது. தோட்டா சுடப்பட்டதும் ஸ்லைடு பின்னோக்கி ஓடி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி, தோட்டா வெடிக்கும் அறையான சேம்பரில் ஏற்ற வேண்டும். பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமானது, ஓடும் தூரமும் நீளமானது. அடுத்த தோட்டா மேலே எழுந்து வர மேகசின் ஸ்பிரிங்குக்குப் போதிய நேரம் கிடைக்கிறது. பாக்கெட் பிஸ்டலிலோ இலேசான ஸ்லைடு, குறுகிய ஓட்டம், அதைக் கட்டுப்படுத்த இறுக்கமான ஸ்பிரிங். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். இந்த நிலையில் ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தாலும், தோட்டா சற்று வலுக்குறைந்ததாக இருந்தாலும், பிடித்திருக்கும் மணிக்கட்டு தளர்ந்து துப்பாக்கி முழுவதுமே பின்னால் நகர்ந்தாலும், ஸ்லைடுக்குச் சேர வேண்டிய வேகம் வீணாகி, கூடு வாயிலிலேயே மாட்டிக்கொள்ளும். பயிற்சிக்கு வருகிறவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்லும் பல நேரங்களில், அதையே வேறொருவர் உறுதியாகப் பிடித்துச் சுட்டால் தடங்கலின்றிச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதனால் துப்பாக்கிமேல் குறையில்லை என்று ஆகிவிடாது. அச்சத்தில் நடுங்கும் கையிலும் அது வேலை செய்ய வேண்டும். உங்கள் கையில் சிக்குமானால் அது உங்களுக்கு ஆகாத துப்பாக்கிதான்.

கேள்வி: எனக்கு 61 வயது, மூட்டுவலியால் ஸ்லைடை இழுக்க முடியவில்லை. .22 தோட்டா சுடும் துப்பாக்கி வாங்கலாம் என்கிறார்கள். (டாலஸ் வாசகி)

பதில்: அம்மா, .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றிப் பரப்பப்பட்டிருக்கும். அது சீராகப் படியாத இடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. அந்த மருந்தை நடுவில் பிரைமராக வைத்த தோட்டாக்களோடு ஒப்பிட்டால் இந்தக் குறை கூடுதல் என்பதால், வேறு வழி இருக்கும்வரை நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஸ்லைடே இல்லாத ரிவால்வர் ஒரு வழி. ஸ்மித் அண்ட் வெஸன் 642, .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்தைக் கொள்வது. சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பாக்கெட்டில் மாட்டாமல் வெளியே வரும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தாலே போதும். ஆனால் அந்த விசை நீண்டது, கனமானது. 400 கிராமுக்குச் சற்றே மேற்பட்ட அந்த இலேசான துப்பாக்கி கையில் உதைக்கும் உதையும் கடுமையானது. மூட்டுவலிக்கு இது ஏற்காமல் போகலாம். பெரெட்டா டாம்கேட் என்ற சிறு பிஸ்டலில் குழாயின் பின்முனை மேலே எழும்பும்; தோட்டாவை நேரே சேம்பரில் வைத்து மூடிவிடலாம் என்பதால் ஸ்லைடை இழுக்க வேண்டியதே இல்லை. ஆனால் அதில், சேம்பரிலிருந்து கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கிடையாது. வெடிக்காத தோட்டாவைக் குழாயை எழுப்பித்தான் வெளியே எடுக்க வேண்டும். பாக்கெட்டை விட்டுக் கைப்பைக்கோ இடுப்புக்கோ மாற முடியுமானால், இழுக்க எளிதாகவே வடிவமைத்த ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு இஇசட் .380 பிஸ்டல் உங்களுக்கு மிகவும் பொருந்தும். வாங்கும் முன் மூன்றையும் பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்.

கேள்வி: .32 போதுமா, .380தான் வேண்டுமா?

பதில்: எஃப்.பி.ஐ. சோதனையில், தோட்டா உடல் தசையை ஒத்த ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது அளவுகோல். குட்டைக் குழாயிலிருந்து புறப்படும் .380 ஹாலோ பாயின்ட் (பட்டதும் விரியும்படி முனை குழிந்த தோட்டா), பல நேரங்களில் நன்றாக விரிந்து 12ஐ எட்டாமல் நின்றுவிடும்; அல்லது விரியாமலேயே ஆழமாகப் போகும். எனவே .380 என்பதே ஒரு சமரசம். .32 அதற்கும் கீழே; உதை குறைவு என்பது அதன் நன்மை. அதோடு .32 தோட்டாவின் அடிவிளிம்பு சற்றே வெளியே நீட்டியிருப்பதால், நீளம் குறைந்த ஹாலோ பாயின்ட் வகைகளைப் போட்டால் மேகசினுக்குள் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பின்னால் சிக்கிப் பூட்டிக்கொள்வதுண்டு. .32 வைத்திருப்பவர்கள் முழு உலோக உறையுள்ள தோட்டாக்களைப் போடுவதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி: எத்தனை தோட்டா சுட்ட பிறகு நம்பலாம்?

பதில்: இருநூறு என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்; அதில் குறைந்தது ஐம்பது, நீங்கள் அன்றாடம் போட்டுச் செல்லப் போகும் அதே ஹாலோ பாயின்ட்டாக இருக்கட்டும். விலை கூடத்தான். ஒவ்வொரு மேகசினையும் தனித்தனியே எண்ணிட்டுச் சோதித்தால், சிக்கல் துப்பாக்கியிலா மேகசினிலா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய எல்சிபி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வரிசை எண்ணைப் பாருங்கள். 370 என்று தொடங்கும் முதல் தொகுதித் துப்பாக்கிகள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2008இலேயே ரூகர் அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யப்பட்டதா என்பதை நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். வாங்கியபின் ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உறை இல்லாமல் பாக்கெட்டில் வைத்தால் என்ன?

பதில்: வைக்கக் கூடாது. விசையை முழுவதும் மூடும் பாக்கெட் உறை கட்டாயம்; அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது.

கேள்வி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் ஆஸ்டினில் இருக்கிறேன். இங்கே உரிமமே தேவையில்லை என்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: தம்பி, இதில் அவசரப்பட வேண்டாம். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர்கள் உரிமமின்றி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. ஆனால் தகுதி என்ற சொல்லுக்குள் மத்தியச் சட்டமும் அடங்கும். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதை அது தடுக்கிறது. மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். நண்பர் பெயரில் வாங்கித் தரச் சொல்வது இருவருக்குமே குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்கள் பின்னணிச் சோதனைக்குப் பின் வாங்கலாம். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தை மட்டும் தவறிக்கூடக் குறித்துவிடக் கூடாது, பிற்பாடு குடியுரிமை கேட்கும்போது அது பெரும் தடையாக வந்து நிற்கும்.

உரிமம் தேவையில்லை என்ற இடத்திலும் அதை எடுத்து வைக்கவே சொல்வேன். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அந்த மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஊருக்குள் வண்டி ஓட்டினால் அந்த எல்லையைத் தொடாமல் இருப்பது கடினம்.

கேள்வி: பராமரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: துணிப்பிசிறும் வியர்வையும்தான். பாக்கெட்டில் இருக்கும் துப்பாக்கியில் பிசிறு சேர்ந்து எண்ணெயோடு குழைந்து, மேகசினையும் எக்ஸ்ட்ராக்டரையும் அடைக்கும். மாதம் இருமுறையாவது திறந்து துடையுங்கள், எண்ணெயைத் துளியளவே விடுங்கள். இரவில் தோட்டாவை எடுத்துக் காலையில் அதையே மறுபடி சேம்பரில் ஏற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை மோதும்போதும் தோட்டாவின் முனையிலுள்ள குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாக அமுங்கி, சுடும்போது அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும். உறையோடு, தோட்டா ஏற்றியபடியே, விரல்ரேகையிலோ எண்ணிலோ திறக்கும் சிறு பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது நல்லது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பெட்டகம் துப்பாக்கிக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள்.