மைலோ டின்ல இருக்குற பழைய மாத்திரைய அப்பாவுக்குக் குடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாரு. குடுத்த மருந்துப் பையில அவர் தினமும் சாப்பிடுற கார்டிபிரின் (ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்குற ஆஸ்பிரின்) இல்ல. பழசு மைலோ டின்ல இருக்கு, சென்னையில வாங்கின இகோஸ்பிரினும் இருக்கு. நானும் தம்பியும்தான் மாத்தி மாத்திப் பாத்துக்குறோம். குடுக்கலாமா? – சிங்கப்பூர் யீஷூன் வாசகி

பதில்: நீங்களா குடுக்கவும் வேணாம், நிறுத்திட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணவும் வேணாம்மா. டிசியூ (அடுத்த தடவை டாக்டரப் பாக்குற நாள்) வர்ற வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே அந்த வார்டுக்கோ ஃபார்மசிக்கோ போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்க: "இத வேணும்னே நிறுத்துனீங்களா, இல்ல விட்டுப்போச்சா?" ஆபரேஷன்ல ரத்தம் அதிகம் போகக்கூடாதுன்னு நிறுத்தியிருக்கலாம், கால்ல ரத்தம் கட்டாம இருக்க வேற மருந்து குடுத்திருந்தா அதுக்காகவும் இருக்கலாம், இல்ல ஆம்புலன்ஸ்ல வந்த அன்னிக்கு வலியில அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். "பிரஷர் மாத்திரை, சின்னதா வெள்ளையா ஒண்ணு"ன்னுதானே நம்ம ஆளுங்க சொல்வாங்க! அவருக்கு இதய ரத்தக் குழாய் அடைக்காம இருக்க ஸ்டென்ட் வச்சிருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க, அப்போ ஆஸ்பிரின் விட்டுப்போறது சின்ன விஷயமில்ல.

இன்னொண்ணு, கார்டிபிரினும் இகோஸ்பிரினும் பேருதான் வேற, ரெண்டுமே ஆஸ்பிரின்தான். ரெண்டையும் சேத்துக் குடுத்தா டபுள் டோஸ். ஹெல்த்ஹப்ல (அரசாங்க சுகாதார ஆப்) பாலிகிளினிக் மருந்தெல்லாம் பாக்கலாம், ஆனா சென்னையில வாங்கினது அதுல எப்படி வரும், அதனால டின்ன அப்படியே பையோட சேத்து ஃபார்மசிஸ்ட்கிட்ட எடுத்துட்டுப் போங்க, நாட்டு மருந்து, ஜிங்கோ மாதிரி மூலிகை மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டா அதையும்தான், வெக்கப்படாதீங்க.

வலிக்குக் குடுத்தத லேபிள் பாத்துப் படிங்க. பனடோலும் இருக்கும், அனரெக்ஸும் இருக்கும், ரெண்டுலயும் பாராசிட்டமால் இருக்கு. வயசு வந்த யாருக்குமே எல்லாம் சேத்து 24 மணி நேரத்துல பாராசிட்டமால் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8, அதுதான் உச்சம், வயசானவங்களுக்கு டாக்டர் இன்னும் கம்மியாகூட சொல்வாரு. விழுந்தப்போ தலையில அடிபட்டிருந்து இப்போ தலைவலி கூடுது, வாந்தி, பேச்சு குழறுதுன்னாலோ, மலம் தாரு மாதிரி கறுப்பா போனாலோ யோசிக்காம 995க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.

போன்ல யாரு பேசுனாங்க, எந்தத் தேதியிலேர்ந்து ஆரம்பிக்கச் சொன்னாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுங்க, நீங்க குடுத்தது தெரியாம தம்பி இன்னொரு தடவை குடுத்துடப் போறாரு.