ஏரிச் சேற்றில் கிடைத்த மோதிரம் யாருக்கு?

கேள்வி: தண்ணீருக்குள் பயன்படுத்தும் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறேன். ஏரியில் மோதிரத்தைத் தவறவிட்ட ஒரு பெண் கேட்டதால், மூழ்கித் தேடி எடுத்துக் கொடுத்தேன். பேசிய கூலியைத் தராமல் இழுத்தடிக்கிறார். அதே இடத்தில் சேற்றுக்குள் இன்னொரு தங்க மோதிரமும் கிடைத்தது. உள்பக்கம் பெயரும் தேதியும் இருக்கின்றன. அதை நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் பொறித்த மோதிரம் என்றால் உரியவரைத் தேட ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம். அது தெரிந்தும் தேடாமல் பைக்குள் போட்டுக்கொண்டால், பல நாடுகளில் அது குற்ற வழக்காகவே ஆகலாம். தொலைத்ததால் மட்டும் ஒருவர் உரிமையை இழப்பதில்லை.

சரி, உரியவர் கிடைக்கவே இல்லை என்றால்? உடனே உங்களுக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1896-இல் இதே போன்ற வழக்கு ஒன்று வந்தது. குளத்தைத் தூர்வாரிய ஷார்மன் என்ற தொழிலாளிக்குச் சேற்றில் இரண்டு தங்க மோதிரங்கள் கிடைத்தன. நேர்மையாகப் போலீஸில் ஒப்படைத்தார். உரியவர் கிடைக்காததால் போலீஸ் அவரிடமே திருப்பிக் கொடுத்தது. ஆனால் குளம் யாருடையதோ அந்தத் தண்ணீர் நிறுவனம் வழக்குப் போட்டு மோதிரங்களை வாங்கிவிட்டது. பாவம்தான், ஆனாலும் தீர்ப்பு அது. அங்கேயே 1982-இல் பார்க்கர் என்ற பயணி போட்ட வழக்கில் நிலைமை வேறு: விமான நிலையக் காத்திருப்பு அறையின் தரையில் சும்மா கிடந்த தங்கக் காப்பில், கண்டெடுத்த அந்தப் பயணிக்கே உரிமை என்று தீர்ப்பானது. சேற்றில் புதைந்த பொருளுக்கு நில உரிமையாளர் கை ஓங்கும்; மேலாகக் கிடந்த பொருள் என்றால் கண்டெடுத்தவருக்கு வாய்ப்பு அதிகம். அனுமதி இல்லாமல் இறங்கியிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலவீனமாகும். உங்கள் மோதிரமோ சேற்றுக்குள் இருந்து வந்தது.

எனவே படம் எடுத்துக்கொண்டு, இடத்தையும் நாளையும் குறித்து, போலீஸில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மோதிரம் மிகப் பழையதாகத் தெரிந்தால் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். கழுவித் தேய்க்காமல் அப்படியே கொடுங்கள்.

கூலி விஷயத்தில் நீங்கள் தைரியமாக இருக்கலாம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். "இவ்வளவு தருகிறேன்" என்று அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் போதும், முதலில் நோட்டீஸ் அனுப்பிவிடலாம். அதற்காக இரண்டாவது மோதிரத்தை ஈடாகப் பிடித்து வைக்க நினைக்காதீர்கள். அதற்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த முறை ஏரியைப் பராமரிப்பவரிடம் அனுமதியையும், தேடச் சொல்பவரிடம் கூலியையும், வேறு ஏதாவது கிடைத்தால் யாருக்கு என்பதையும் இறங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.