குப்பைமேட்டில் கிடைத்த கிரேக்கம்

கேள்வி: எங்கள் ஏட்டுச்சுவடிகள் சில நூற்றாண்டுகளுக்குள் செல்லரித்துப் போக, பப்பைரஸ் என்னும் நாணல்தாளில் எழுதிய கிரேக்க ஏடுகள் இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தது எப்படி? அவற்றில் இலக்கியம் மட்டுமா உள்ளது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காரணம் எகிப்தின் வறண்ட மணல். கொழும்பின் ஈரக்காற்றில் அவையும் மிஞ்சியிரா. கிரென்ஃபெல், ஹன்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர்கள் 1896இல், பண்டு கிரேக்கம் வழங்கிய எகிப்திய நகரமான ஒக்ஸிரிங்கஸின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கியபோது, கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் மறைந்துபோன பாடல் வரிகளோடு வரிச்சீட்டுகளும் குத்தகைப் பத்திரங்களும் மனுக்களும் கலந்தே வெளிவந்தன; எண்ணிக்கையில் இலக்கியம் சிறுபான்மையே. எகிப்தின் வேறோரிடத்தில் கிடைத்த, அரிஸ்டோட்டிலுடையது எனப்படும் 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' பண்ணைக் கணக்கொன்றின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அது இந்த அகழ்வுக்கு முன்பே, 1891இல் அச்சேறியது.

எனக்குப் பிடித்தது தியோன் என்னும் சிறுவனின் கடிதம். தன்னை விட்டுவிட்டு அலெக்சாந்திரியாவுக்குப் புறப்பட்ட தந்தையிடம், தன்னை அழைக்காவிட்டால் உண்ணவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன் என்று எழுத்துப்பிழைகள் மலிய மிரட்டுகிறான். அரசர்களின் கல்வெட்டுகளில் இத்தகைய குரல் கேட்பதில்லை.

தமிழருக்கு நெருக்கமானது வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏடு. அதன் ஒரு பக்கம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியுடன் நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைக் குறிப்பிடுகிறது. மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த யானைத்தந்தம், கங்கைச் சடாமாஞ்சில் என்னும் நறுமணப்பொருள் முதலிய சரக்குகளை மதிப்பிடுகிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதாக அகநானூறு பாடும் அதே முசிறிதான் இது.