சமரசம் என்றால் விட்டுக்கொடுப்பதா?

தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: அண்ணன்மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு நாலு வருடம் ஆகிறது. இப்போது சமரச மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சமரசம் என்றால் என் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? இதற்கிடையில் ஊர்க்காரர் ஒருவர், ‘இணக்கமாப் போயிடலாம்மா’ என்று இருபது ரூபாய் பத்திரத்தோடு வருகிறார். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். சமரசம் என்ற வார்த்தைக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த மாதிரிப் பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கம் முழுக்கப் பாசம்: கூடப்பிறந்தவர்கள், குடும்ப கௌரவம், மனஸ்தாபம் நீங்கி இணக்கம். மூன்றாம் பக்கத்தில், சர்வே எண்களுக்கு நடுவே, ‘மேற்படி சொத்தில் எனக்கு இனி யாதொரு பாத்தியதையும் இல்லை’ என்று ஒரு வரி; பாத்தியதை என்றால் உரிமை. கொண்டுவந்தவருக்கு இரண்டு தரப்பிலிருந்தும் கமிஷன் இருக்கும். இணக்கம் என்ற சொல்லை இவர்களைப் போல உருக்கமாகச் சொல்பவர்கள் வேறு யாரும் இல்லை.

சரி, சமரசம். வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கத்துக்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயர் வைத்தார். யாரும் தாழ்ந்துபோவது அங்கே பேச்சே இல்லை. எல்லாருக்கும் பொதுவானது என்ற எண்ணம்தான். பிறகு மேடைகளில் ‘சமரசம் செய்துகொள்ளாத தலைவர்’ என்று முழங்கி முழங்கி, சமரசம் என்றாலே தோற்றவன் செய்வது என்றாகிவிட்டது. உங்கள் பயம் அங்கிருந்து வந்தது.

கோர்ட்டில் அது இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் நடைமுறைக்குப் பெயர், அவ்வளவுதான். பேச்சை நடத்திவைக்கும் சமரசர் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒத்துவராவிட்டால் வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும். நீங்கள் அங்கே பேசியதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

ஒத்துவந்தால் அதற்கு ராஜி என்று பெயர். அரபியிலிருந்து வந்த சொல்; சம்மதித்தவர் என்று பொருள். அந்தச் சம்மதம் எழுத்தில், கையெழுத்தோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதன்படி கோர்ட் தீர்ப்பாணை கொடுத்து, ராஜி டிகிரி ஆனபின் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று தனி வழக்குப் போட வழியில்லை. டிகிரி கொடுத்த கோர்ட்டிலேயே போய் முறையிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியையும் உங்கள் வக்கீலை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். வழக்கில் காட்டிய சொத்துக்களுக்குள்ளேயே ராஜி முடிந்தால் அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ‘வயலுக்குப் பதிலாக அந்த மனையை எடுத்துக்கொள்’ என்று வழக்கிலேயே இல்லாத மனையை அண்ணன் நீட்டினால் கதை வேறு. அந்த மனைக்குப் பதிவு வேண்டும். பதியாமல் விட்டால் பட்டா மாற்றப் போகும்போதுதான் தெரியும், அதுவும் மூன்றாவது முறை அலைந்த பிறகு. ஆகவே பேச்சுக்குப் போகும்போது பிராதில், அதாவது நீங்கள் போட்ட வழக்கு மனுவில், உள்ள சொத்து விவரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் சர்வே எண் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ராஜியானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியில் தாங்களே பேசி முடித்தவர்களுக்கும் உண்டு என்று நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதை யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள்; ராஜி மனு போடும் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.